உளவியல் ஆய்வேட்டுக்கு ஸ்டாட்செக்: எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும்

மார்ச், ஏப்ரல் வந்தால் தஞ்சாவூர், திருச்சி, கும்பகோணம், மயிலாடுதுறை என்று எந்த ஊரிலும் கல்லூரிப் பக்கத்து ஜெராக்ஸ், பைண்டிங் கடைகளில் ஆய்வேடுகள் அடுக்கி நிற்கும். ஓரம் எத்தனை அங்குலம், எழுத்து என்ன அளவு, பிறர் எழுத்தோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்பதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அட்டை போடுவார்கள். நான்காம் அத்தியாயத்தில் இருக்கும் டி மதிப்பும் (இரண்டு சராசரிகளை ஒப்பிடும் சோதனையில் வரும் எண்) அதன் பக்கத்தில் இருக்கும் பி மதிப்பும் (உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு பெரிய டி தற்செயலாக வரும் வாய்ப்பு) ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று மட்டும் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. அந்த வேலையைச் சில நொடிகளில் இலவசமாகச் செய்து தருவதுதான் ஸ்டாட்செக். உளவியல், கல்வியியல், சமூகப்பணி ஆகிய துறைகளில் எண்களோடு ஆய்வு செய்கிற எல்லோரும் இதைப் பழகிக்கொள்ள வேண்டும். ஆனால் இது ‘பிழை இல்லை’ என்று சொன்னதும் ஆய்வு சரியாகிவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

நெதர்லாந்தைச் சேர்ந்த மிஷேல் நைட்டனும் சாஷா எப்ஸ்காம்பும் உருவாக்கியது இது. முதலில் ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளுக்கான துணைத்தொகுப்பாக வந்தது. பிறகு ஸ்டாட்செக் டாட் ஐஓ என்ற இணையப் பக்கமாகவும் கிடைத்தது. இணையப் பக்கத்துக்கு எதையும் நிறுவ வேண்டாம். பிடிஎஃப், வேர்ட், எச்டிஎம்எல் ஆகிய மூன்று வகைக் கோப்பையும் ஏற்றலாம். உள்ளே நடப்பது எளிமையான வேலை. கோப்பை வெறும் எழுத்தாக மாற்றும். அமெரிக்க உளவியல் சங்கத்தின் எபிஏ நடையில் எழுதிய முடிவுகளை அதில் தேடும். சோதனை மதிப்பையும் டிஎஃப் எண்ணையும் (ஆட்கள், குழுக்களின் எண்ணிக்கையைப் பொறுத்து வரும் ‘டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்’; இரண்டு குழு டி சோதனையில் மொத்த ஆட்களில் இரண்டு குறைவு) எடுத்து, பி எவ்வளவு வர வேண்டும் என்று தானே கணக்கிடும். நீங்கள் எழுதியிருக்கும் பி-யோடு அதை ஒப்பிடும். சுற்றெண்ணாக்கத்துக்கும் இடம் கொடுக்கும். 2.35 என்று எழுதியிருந்தால் உண்மையான மதிப்பு 2.345-க்கும் 2.355-க்கும் நடுவே எங்கும் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டுதான் தீர்ப்பு சொல்லும்.

தீர்ப்பு மூன்று வகைப்படும். பொருந்துகிறது என்பது ஒன்று. பொருந்தவில்லை என்பது இரண்டாவது. மூன்றாவதைத்தான் கவனிக்க வேண்டும்: பொருந்தாததோடு முடிவே தலைகீழாகிறது. ‘வேறுபாடு உண்டு’ (வழக்கமாக பி .05-க்குக் கீழே) என்று எழுதிய இடத்தில் மறுகணக்கு ‘இல்லை’ என்கிறது, அல்லது இல்லை என்ற இடத்தில் உண்டு என்கிறது.

இது அபூர்வமான கோளாறு என்று நினைக்க வேண்டாம். 1985 முதல் 2013 வரை எட்டு முன்னணி உளவியல் இதழ்களில் வந்த 30,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை இந்தக் கருவியில் ஓட்டி, 2016-ல் நைட்டனும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்டார்கள். எபிஏ நடையில் முடிவு எழுதியிருந்த கட்டுரைகளில் ஏறத்தாழ பாதியில் பொருந்தாத பி மதிப்பு ஒன்றாவது இருந்தது. எட்டில் ஒன்றில் முடிவையே மாற்றிவிடும் பிழை இருந்தது. பல கட்ட மதிப்பாய்வைத் தாண்டி அச்சான கட்டுரைகளின் நிலை இது.

சரி, நம் ஊர் ஆய்வேட்டை அப்படியே ஏற்றினால் என்ன ஆகும்? அநேகமாக ‘முடிவுகள் எதுவும் கிடைக்கவில்லை’ என்றுதான் வரும். ஸ்டாட்செக் அட்டவணையைப் படிக்காது. நம் ஆய்வேடுகளில் எண்ணெல்லாம் அட்டவணைக்குள் இருக்கும். கீழே ஒரு பத்தியில் ‘டி மதிப்பு 2.45, 0.05 நிலையில் முக்கியத்துவம் உடையது, எனவே இன்மைக் கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது’ என்று, அதாவது ‘வேறுபாடு இல்லை’ என்ற எடுகோளைத் தள்ளுவதாக, எழுதியிருக்கும். டிஎஃப் இல்லை, பி-யின் சரியான எண்ணும் இல்லை. கருவி எதைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போடும்?

இதற்கு வழி இருக்கிறது, அரைமணி நேர வேலைதான். புதிதாக ஒரு வேர்ட் கோப்பு திறந்து, ஒவ்வொரு அட்டவணையின் முடிவையும் ஒரு வரியாகத் தட்டச்சு செய்யுங்கள். எழுத்துகளை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும், வடிவம் இப்படி இருக்க வேண்டும் (எஃப் பல குழுக்களின் சராசரியை ஒப்பிடுவது, கை-ஸ்கொயர் எண்ணிக்கைகளை ஒப்பிடுவது, ஆர் என்பது இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்குவதைக் காட்டும் ஒட்டுறவு):

டி(118) = 2.45, பி = .016
எஃப்(டிஎஃப் ஒன்று, டிஎஃப் இரண்டு) = மதிப்பு, பி = மதிப்பு
கை-ஸ்கொயர்(2, என் = 120) = 7.10, பி = .029
ஆர்(டிஎஃப்) = மதிப்பு, பி = மதிப்பு

ஒட்டுறவில் ஒரு கண்ணி உண்டு. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் தரும் அட்டவணையில் அச்சாவது மாதிரி எண்ணிக்கை. அடைப்புக்குறிக்குள் போக வேண்டியது அதில் இரண்டு குறைந்த எண். 120 பேர் என்றால் ஆர்(118). இதைத் தவறாக 120 என்று எழுதினால் பி-யில் வித்தியாசம் மிகச் சிறிது என்பதால் கருவி கண்டுகொள்ளாமல் போய்விடும். அது கையால் பார்க்க வேண்டிய இடம். மான்-விட்னி யு, ஃபிஷரின் துல்லியச் சோதனை போன்றவற்றைக் கருவி படிக்காது. மான்-விட்னிக்கு அச்சாகும் இசட் மதிப்பை எழுதினால் அதை மட்டும் பார்த்துக்கொள்ளும். பின்னடைவுப் பகுப்பாய்வில் (ஒன்றைக் கொண்டு இன்னொன்றைக் கணிக்கும் முறை) அதன் கெழுவான பீட்டாவை மட்டும் கொடுத்தால் பயனில்லை, டி-யையும் டிஎஃப்-ஐயும் சேர்த்துக் கொடுங்கள்.

இப்படி வரிகளை மட்டும் தனிக்கோப்பில் ஏற்றுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. பங்கேற்றவர்களின் ஊர், பள்ளி, நேர்காணல் வாசகம் எதுவும் உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது. பிடிஎஃப்-ல் சமக்குறி எழுத்தாக மாறும்போது வேறு குறியாகச் சிதைவதும் உண்டு. வேர்ட் கோப்பில் அந்தத் தொல்லை குறைவு.

இனி, பிழை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். டி(38) = 1.98, பி < .05 என்று ஒரு வரி. மறுகணக்கில் பி .055 வரும், முடிவு தலைகீழ். இதை எழுதியவர் எண்ணைத் திருத்தியிருக்க வேண்டும் என்று சந்தேகப்படத் தேவையே இல்லை. ‘டேபிள் மதிப்பு 1.96’ என்று வகுப்பில் மனப்பாடம் செய்ததைத்தான் ஒப்பிட்டிருப்பார். 1.96 என்பது மாதிரி மிகப் பெரியதாக இருக்கும்போது பொருந்தும் எல்லை. டிஎஃப் 38-க்கு எல்லை 2.024. இருபது பேர், இருபது பேர் என்று இரண்டு குழு வைத்துக்கொண்டு 1.96-ஐப் பிடித்தால் இந்தப் பிழைக்கு இடம் கொடுக்கிறீர்கள். கையால் டேபிள் பார்த்து ‘எஸ்’ (முக்கியத்துவம் உண்டு), ‘என்எஸ்’ (இல்லை) போடும் பழக்கத்தைத் துறைகள் கைவிட வேண்டும். ஜாஸ்ப், ஜமோவி என்ற புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன, பி-யை மூன்று தசம இடத்துக்கு நேராகவே தருகின்றன.

இரண்டாவது காரணம் எஸ்பிஎஸ்எஸ் டி சோதனையின் இரண்டு வரிசைகள். மேல் வரிசை, இரு குழுவின் மாறுபாடும் (மதிப்பெண்கள் சிதறியிருக்கும் அளவு) சமம் என்று கொண்டது. கீழ் வரிசை, சமமில்லை என்று கொண்டது. அந்தச் சமத்தைச் சோதிக்கும் லெவீன் சோதனையைப் பார்த்து ஏதாவது ஒரு வரிசையை முழுதாக எடுக்க வேண்டும். டி-யை மேலிருந்தும் பி-யைக் கீழிருந்தும் எடுத்தால் பொருந்தாது. மூன்றாவது, போன வருட ஆய்வேட்டை மாதிரியாக வைத்து அதன் மேலேயே தட்டச்சு செய்வது. சராசரி மாறியிருக்கும், டி மாறியிருக்கும், டிஎஃப் மட்டும் முந்தையவருடையது அப்படியே உட்கார்ந்திருக்கும். அறுபது பேர், அறுபது பேர் என்று சொல்லிவிட்டு டிஎஃப் 98 என்று இருந்தால் அது வேறொருவரின் எண். சரியானது 118.

‘பி = .000’ என்று எழுதுவதும் பிழையாகவே எண்ணப்படும். எஸ்பிஎஸ்எஸ் மூன்று இடம் மட்டும் காட்டுவதால் அப்படித் தெரிகிறது. பி ஒருபோதும் சுழியாக முடியாது. பி < .001 என்று எழுதுங்கள்.

கருவி அநியாயமாகக் கைகாட்டும் இடங்களும் உண்டு. அதன் இயல்பான எடுகோள் இருமுனைச் சோதனை, அதாவது வேறுபாடு எந்தப் பக்கம் இருந்தாலும் எண்ணுவது. ஒருமுனை என்பது ஒரே பக்கத்தை மட்டும் எண்ணுவது. டி(38) = 1.98 என்பதற்கு ஒருமுனையில் பி ஏறத்தாழ .0275. அதை எழுதினால் பிழை என்று காட்டும். ஒருமுனைச் சோதனை என்பதைக் கோப்பில் ஆங்கிலத்தில் குறிப்பிட்டு, அதற்கான அமைப்பையும் தேர்ந்தெடுத்தால் ஏற்றுக்கொள்ளும். ‘ஒருமுனை’ என்று தமிழில் எழுதியிருந்தால் அதற்குப் புரியாது. ஆனால் கருதுகோளை எழுதும்போதே ஒருமுனை என்று சொல்லியிருக்க வேண்டும். .055 வந்தபிறகு பாதியாக்குவது ஏமாற்று. பல சோதனை போட்டதற்காகப் பான்ஃபெரோனி முறையில் திருத்திய பி-யையும், ஒரே ஆட்களைப் பலமுறை அளக்கும்போது செய்யும் கிரீன்ஹவுஸ்-கைசர் திருத்தம் செய்துவிட்டுத் திருத்தாத டிஎஃப்-ஐ எழுதியிருந்தால் அதையும் பிழை என்றே சொல்லும். இதெல்லாம் ஒரு வரிக் குறிப்பில் விளக்கிவிடக்கூடியவை.

ஸ்டாட்செக்கோடு சேர்த்துச் செய்ய வேண்டிய இன்னொரு சோதனை கிரிம். நிக் பிரவுனும் ஜேம்ஸ் ஹீத்தர்ஸும் கொண்டுவந்தது. கைப்பேசிக் கால்குலேட்டர் போதும். மதிப்பெண் முழு எண்ணாக இருந்தால் அதன் சராசரி எந்த எண்ணாகவும் இருக்க முடியாது என்பதே இதன் அடிப்படை. 30 பேரின் மன அழுத்த மொத்த மதிப்பெண் சராசரி 42.35 என்று அட்டவணை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 42.35-ஐ 30-ஆல் பெருக்கினால் 1270.5. மொத்தம் அரை எண்ணாக வராது. 1270 என்றால் சராசரி 42.33, 1271 என்றால் 42.37. ஆக 30 பேருக்கு 42.35 என்ற சராசரியே கிடையாது.

அடுத்து என்ன? எண்ணிக்கையை ஒவ்வொன்றாகக் குறைத்துப் பாருங்கள். 29-க்கு வராது, 28-க்கு வராது, 27-க்கும் வராது. 26 பேர் என்றால் 1101-ஐ 26-ஆல் வகுக்க 42.346, அதாவது 42.35. நான்கு பேர் ஏதோ ஒரு கேள்வியை விட்டிருக்கலாம், மென்பொருள் அவர்களை நீக்கிவிட்டிருக்கலாம், அட்டவணைத் தலைப்பில் மட்டும் 30 என்று நின்றிருக்கலாம். இப்போது டிஎஃப்-ஐப் பார்த்தால் அதுவும் அதையே சொல்லும். ஒரு சராசரியைக் கொண்டு விடுபட்டவர்களைக் கண்டுபிடிக்க முடிகிறது என்பது இந்தச் சோதனையின் அழகு.

இரண்டு தசம இடம் கொடுத்திருந்தால் நூறு பேருக்குக் கீழே மட்டுமே கிரிம் வேலை செய்யும். பத்துக் கேள்விகளின் சராசரியை எடுத்து, அதற்குச் சராசரி போட்டிருந்தால் 30 பேர் 300 பேருக்குச் சமமாகிவிடும், கிரிம் பயனற்றுப்போகும். ஆனால் நம் ஆய்வேடுகளில் பெரும்பாலும் மொத்த மதிப்பெண்ணையே கொடுக்கிறோம். மொத்தம் முழு எண் என்பதால் இந்தச் சோதனை நமக்கு நன்றாகவே உதவும். திட்ட விலக்கத்துக்கும் (சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) இதேபோல எல்லை உண்டு. 1 முதல் 5 வரையான அளவுகோலில் சராசரி 4.6 என்றால், 30 பேருக்குத் திட்ட விலக்கம் 1.22-ஐத் தாண்ட வழியில்லை. 1.50 என்று இருந்தால் எங்கோ எண் மாறியிருக்கிறது.

இதுவரை சொன்னது கணக்கு. இனி ஸ்டாட்செக்கின் கை எட்டாத இடம்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தராசு ஒவ்வொரு சிப்பத்துக்கும் தவறாமல் ஒரு கிலோ கூட்டிக் காட்டுகிறது என்றால், அது நூறு முறை நிறுத்தாலும் ஒரே மாதிரிதான் காட்டும். நம்பகத்தன்மை (ஒரே மாதிரி காட்டுவது) இருக்கிறது, ஏற்புடைமை (அளக்க வேண்டியதைச் சரியாக அளப்பது) இல்லை. உளவியல் அளவுகோலுக்கும் இதுதான் கதி. ‘கிரான்பாக் ஆல்ஃபா .91, எனவே கருவி ஏற்புடையது’ என்ற வாக்கியம் ஆய்வேடுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆல்ஃபா சொல்வது கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் நம்பகத்தன்மையை மட்டும்தான், அதிலிருந்து ஏற்புடைமை தானாக வந்துவிடாது. ஆல்ஃபா கேள்விகளின் எண்ணிக்கையோடு தானாக ஏறும். கேள்விகளுக்கிடையே சராசரி ஒட்டுறவு வெறும் .20 என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். பத்துக் கேள்விக்கு .71, இருபதுக்கு .83, நாற்பதுக்கு .91. கேள்விகள் ஒன்றோடொன்று அவ்வளவாக ஒட்டாமலே, நீளத்தால் மட்டும் .91 வந்துவிடுகிறது.

மொழிபெயர்த்த அளவுகோலில் ஏற்புடைமை உடைவது பெரும்பாலும் எதிர்மறைக் கேள்விகளில். ‘எனக்குக் கவலை இல்லாமல் இல்லை’ என்று இரட்டை எதிர்மறையில் எழுதிவிட்டு, ‘முற்றிலும் உடன்படவில்லை’ என்று ஒரு கட்டமும் வைத்தால், வயலிலிருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்து பதில் சொல்பவர் என்ன செய்வார்? தலையாட்டிவிடுவார். உருப்படி-மொத்த ஒட்டுறவு (ஒரு கேள்வி மற்றவற்றின் மொத்தத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது) என்ற பத்தியில் எதிர்மறை எண் தெரிந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. தலைகீழ்க் கேள்விக்கு மதிப்பெண்ணைத் திருப்ப மறந்துவிட்டீர்கள், அல்லது கேள்வியே புரியவில்லை. முதலாவதை மென்பொருளில் திருத்தலாம். இரண்டாவதுக்கு ஊருக்குத் திரும்பிப் போகத்தான் வேண்டும். தமிழாக்கியதை வேறொருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பி ஒப்பிடுவது குறைந்தபட்ச வேலை. அதோடு, ஐந்தாறு பேரிடம் ஒவ்வொரு கேள்வியையும் படித்துக்காட்டி ‘இதை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேளுங்கள். ‘மனச்சோர்வு’ என்று அச்சடித்தால் நிற்பவர்கள், ‘மனசு பாரமா இருக்கா?’ என்றால் உடனே பதில் சொல்வார்கள்.

அடுத்தது அக ஏற்புடைமை, அதாவது மாற்றத்துக்குக் காரணம் நாம் சொல்வதுதானா என்பது. இதற்கு நம் பக்கத்திலேயே நல்ல பாடம் இருக்கிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் 2013-ல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வின் களம் தமிழ்நாடு. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பு ஒருமுறை, பின்பு ஒருமுறை சோதித்தார்கள். பணமுடை இருக்கும் அறுவடைக்கு முந்தைய காலத்தைவிடப் பின்பு அதே ஆட்கள் சிந்தனைச் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். படிப்பு குறைந்தவர்களும் இருப்பார்கள் என்பதால் ஸ்ட்ரூப் சோதனையை (முதலில் தோன்றும் பதிலை அடக்கிக்கொண்டு சரியான பதில் சொல்ல வைப்பது) சொற்களுக்குப் பதில் எண்களில் வைத்தார்கள். இரண்டாம் முறை நன்றாகச் செய்தது பழகிப்போனதால்தானோ என்ற கேள்விக்கும் முன்கூட்டியே வழிசெய்திருந்தார்கள். 100 பேரைத் தனியே நிறுத்தி, அறுவடைக்குப் பிறகுதான் முதன்முறையாகச் சோதித்தார்கள். அவர்களும் நன்றாகவே செய்தார்கள்.

இதே வடிவத்தை அப்படியே எடுத்துவந்து திருவையாறு, பாபநாசம், நீடாமங்கலம் பக்கத்தில் நெல் விவசாயிகளிடம் செய்யலாம் என்று தோன்றும். அங்கேதான் கவிழ்ந்துவிடும். கரும்பு அறுவடை நாளை ஆலை முறைவைத்துத் தருகிறது. அதனால் ஒரே மாதத்தில் ஒருவர் வெட்டி முடித்திருப்பார், இன்னொருவர் காத்திருப்பார். பருவத்தையும் அறுவடையையும் பிரித்துப் பார்க்க முடிகிறது. டெல்டா நெல் அப்படியில்லை. மேட்டூரில் ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் அடைப்பது வழக்கமான கணக்கு. அந்த நீரை நம்பி ஊரே ஏறத்தாழ ஒன்றாக நட்டு, ஒன்றாக அறுக்கிறது. சம்பா அறுவடை தை மாதத்தில் விழுகிறது. அறுவடைக்குப் பின் மதிப்பெண் கூடினால் அது கையில் பணம் வந்ததாலா, பொங்கலுக்குப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்ததாலா, மழை ஓய்ந்ததாலா? தரவில் எந்தச் சோதனை போட்டாலும் பிரிக்க முடியாது. பி < .001 என்று வரும், ஸ்டாட்செக் பொருந்துகிறது என்று சொல்லும், முடிவு மட்டும் தவறாக இருக்கலாம். குருங்குளம் ஆலைப் பகுதியில் கரும்பு போட்டவர்களைச் சேர்த்தாலோ, குறுவைக்கும் சம்பாவுக்கும் தனித்தனியாக அளந்தாலோதான் இந்த முடிச்சு அவிழும்.

முன், பின் என்று இரண்டு முறை மட்டும் அளந்து, ஒப்பீட்டுக் குழு இல்லாமல் ‘பயிற்சியால் மன அழுத்தம் குறைந்தது’ என்று எழுதும் ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. நடுவே ஒரு புயல் வந்தால் என்ன ஆகும்? கஜா 2018 நவம்பர் 16-ல் கரையேறியது. அந்த வாரத்துக்கு இருபுறமும் நாகப்பட்டினத்திலோ திருவாரூரிலோ அளந்த எந்தத் தரவையும் பயிற்சியின் கணக்கில் எழுத முடியாது. வெள்ளத்துக்குப் பிறகு மிக அதிக மதிப்பெண் பெற்றவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தால் இன்னொரு சிக்கல். உச்சத்தில் இருந்தவர்கள் அடுத்த முறை சராசரிப் பக்கம் இறங்கத்தான் செய்வார்கள், பயிற்சி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும்.

அந்த 2013 கட்டுரையின் இன்னொரு பகுதியிலும் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. நியூ ஜெர்சியில் ஒரு வணிக வளாகத்தில் செய்த சோதனைகளில் வருமானத்தை நடுவில் வெட்டி, ஏழை, வசதியானவர் என்று இரண்டு குழுவாக்கினார்கள். யெல்டே விக்கர்ட்ஸும் அன்னெமரி ஸாண்ட் ஸ்கோல்டனும் வருமானத்தை வெட்டாமல் தொடர் எண்ணாகவே வைத்து மறுபடி கணக்கிட்டு, கட்டுரை சொன்ன ஊடாட்டம் (ஒன்றின் விளைவு மற்றொன்றைப் பொறுத்து மாறுவது) அப்போது முக்கியத்துவம் பெறவில்லை என்று எழுதினார்கள். மூல ஆசிரியர்கள் பதிலும் கொடுத்தார்கள். இந்த விக்கர்ட்ஸ், 2016 ஸ்டாட்செக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். எண்ணை வெட்டி ‘உயர், நடு, தாழ்’ என்று மூன்று குழுவாக்கி எஃப் சோதனை போடுவது நம் ஆய்வேடுகளில் சர்வசாதாரணம். வெட்டும் கோட்டை நகர்த்தினால் முடிவும் நகரும். எண்ணை எண்ணாகவே விட்டு ஒட்டுறவோ பின்னடைவோ போடுங்கள்.

ஒரே ஒரு ஆய்வேட்டில் எத்தனை சோதனை போடுகிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வயது, பாலினம், குடும்ப வகை, வசிப்பிடம், தாயின் படிப்பு, தந்தையின் தொழில், வருமானம், பிறப்பு வரிசை என்று எட்டு மாறிகள். மன அழுத்தம், தன்மதிப்பு, அனுசரிப்பு என்று மூன்று அளவுகோல். ஆக 24 சோதனை. உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாவிட்டாலும், சோதனைகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், ஏதோ ஒன்றாவது .05-க்குக் கீழே விழும் வாய்ப்பு 71 சதவீதம். ‘பிறப்பு வரிசையைப் பொறுத்துத் தன்மதிப்பு மாறுகிறது’ என்று சுருக்கத்தில் தடித்த எழுத்தில் வருவது இப்படித்தான். எல்லையை .05-ஐ 24-ஆல் வகுத்து .002 என்று வைத்துக்கொள்ளலாம். அதைவிட நல்லது, முக்கியமான இரண்டு மூன்று கருதுகோளை மட்டும் முதலிலேயே எழுதிவைத்து, மற்றவற்றை ‘தேடிப் பார்த்தவை’ என்று வெளிப்படையாகச் சொல்வது.

ஸ்டாட்செக் பிழையில்லை என்று அனுப்பிவிடும் இன்னொரு தவறைப் பாருங்கள். வெண்ணாற்றுப் பாசனத்தில் 40 விவசாயிகள், கடனுக்கும் மன அழுத்தத்துக்கும் ஒட்டுறவு .40, பி = .01. கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் 40 பேர், ஒட்டுறவு .22, பி = .17. முதலாவதில் முக்கியத்துவம் உண்டு, இரண்டாவதில் இல்லை, எனவே இரண்டு பகுதிக்கும் வேறுபாடு உண்டு என்று எழுதத் தோன்றும். இரண்டு வரியும் கணக்கில் சரி. ஆனால் .40-க்கும் .22-க்கும் உள்ள வித்தியாசத்தையே ஃபிஷர் முறையில் சோதித்தால் இசட் = 0.86, பி = .39. வேறுபாட்டுக்குச் சான்றே இல்லை. 2011-ல் நரம்பறிவியல் கட்டுரைகளை ஆராய்ந்த நியுவன்ஹாய்ஸ் குழு, இப்படி ஒப்பிட வேண்டியிருந்த 157 கட்டுரைகளில் பாதி இதே தவறைச் செய்திருந்ததாகக் காட்டியது. ‘இங்கே உண்டு, அங்கே இல்லை’ என்ற வாக்கியம் எங்கே வந்தாலும் நடுவில் ஒரு நேரடிச் சோதனை இருக்கிறதா என்று தேடுங்கள்.

மாதிரி அளவைப் பற்றி ஒரு சொல். ‘முப்பது போதும்’ என்பது ஆதாரமில்லாத வாய்மொழி. நடுத்தர அளவு வேறுபாட்டை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க ஒரு குழுவுக்கு 64 பேர் வேண்டும். 30 பேர் என்றால் வாய்ப்பு பாதிக்கும் குறைவு. ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் டி சோதனை, இருமுனை, விளைவளவு 0.5 (நடுத்தர வேறுபாடு), ஆல்ஃபா .05 (இங்கே பி-யின் எல்லை), பவர் .80 என்று கொடுத்தால் இந்த 64 வரும். விளைவளவை 0.2 என்று மாற்றினால் குழுவுக்கு 394. தரவு சேகரிக்கக் கிளம்பும் முன் பார்க்க வேண்டிய எண் இது.

இணையப் பக்கத்துக்கும் ஆர் தொகுப்புக்கும் எதை எடுப்பது? ஒரு ஆய்வேட்டுக்கு இணையப் பக்கமே போதும். துறையில் ஒரே பருவத்தில் இருபது, முப்பது ஆய்வேடு வருகிறது என்றால் ஆர் தொகுப்பைப் பழகிக்கொள்ளலாம். ஒரு கோப்புறையிலுள்ள எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் ஓட்டும், எந்தக் கோப்பில் எந்த வரி என்று பட்டியலாகத் தரும். வழிகாட்டிகள் இதை வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய நாள் செய்வதைவிட, முதல் வரைவு கையில் வந்ததும் செய்தால் மாணவருக்குத் திருத்த நேரம் இருக்கும்.

பிழை என்று வந்தால் அதை எப்படிச் சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும். 2016-ல் ஏறத்தாழ 50,000 கட்டுரைகளுக்கான ஸ்டாட்செக் அறிக்கைகளை, வெளியான ஆய்வுகளை விவாதிக்கும் பப்பியர் தளத்தில் மொத்தமாக ஏற்றியபோது பெரிய சலசலப்பு எழுந்தது. ஜெர்மன் உளவியல் சங்கம் வெளிப்படையாக எதிர்த்தது. கருவி கைகாட்டிய வரிகளில் தட்டச்சுப் பிழையும், ஒருமுனைச் சோதனையும், கருவியே தவறாகப் படித்ததும் கலந்திருக்கும். அதனால் மாணவரிடம் முதலில் எஸ்பிஎஸ்எஸ் வெளியீட்டுக் கோப்பைக் கேளுங்கள். வெளியீட்டில் இருப்பதும் ஆய்வேட்டில் இருப்பதும் வேறு என்றால் அது தட்டச்சு. இரண்டும் ஒன்றே என்றால் மூலத் தரவைத் திறந்து அந்தச் சோதனையை மறுபடி ஓட்டுங்கள். வெளியான கட்டுரையில் கண்டால் தொடர்பு ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போதும்: பக்க எண், அச்சில் உள்ள வரி, உங்கள் மறுகணக்கில் வந்த பி, எந்த எடுகோளில் கணக்கிட்டீர்கள் என்ற குறிப்பு, இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும்.